காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்: படிவம் நிரப்பிக் கொடுப்பவளின் மதிப்பீடு

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பெரியம்மா ஒருவரிடம், கடையின் பெயர் அழிந்துபோன ஒரு பொலித்தீன் பை இருக்கிறது. அதற்குள் இருப்பவை எல்லாம் கடதாசிகள். 2009ஆம் ஆண்டு முகாமில் எழுதிக் கொடுத்த துண்டு, சர்வதேச செஞ்சிலுவைக் குழுவில் பதிந்த அட்டை, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம், பொலிஸ் பதிவின் பிரதி, காணாமற்போனோர் பற்றி முன்னர் விசாரித்த பரணகம ஆணைக்குழுவின் அழைப்புக் கடிதம், எல்லாவற்றுக்கும் அடியில் சாதாரண தரப் பரீட்சைக்கென்று எடுத்த மகனின் படம். அந்த மகன் 2009 மே மாதம், போரின் இறுதி நாள்களில், முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து படையினரின் பகுதிக்குள் வந்தபின், பெயர் பதியவென்று தனி வரிசைக்கு அழைக்கப்பட்டவர். அதன் பிறகு பெரியம்மா அவரைக் காணவில்லை. புதிதாக ஓர் அலுவலகம் திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் இந்தப் பை என் வீட்டு விறாந்தைக்கு வரும். பை சற்றுப் பருத்துத் திரும்பிப் போகும்.

இப்படி வரும் பெண்களின் கடதாசிகளைப் படித்து, படிவம் நிரப்பி, கடிதம் எழுதிக் கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். நான் சட்டத்தரணி அல்லேன், எந்த அமைப்பின் ஊழியரும் அல்லேன். போரில் சிக்கிய பொதுமக்களுக்கும் குறிப்பாகப் பெண்களுக்கும் அரசு செய்ததாகச் சொல்லும் காரியங்களுள், இந்தப் பெண்களின் வாழ்க்கையை நேரடியாகத் தொடும் சேவை காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமே என்பதால், அதை ஒரு சேவையாகவே எடுத்து மதிப்பிட முயல்கிறேன். ஒரு மருத்துவமனையைப் பற்றியோ வங்கியைப் பற்றியோ எழுதும்போது நாம் கேட்கும் கேள்விகளே இங்கும் பொருந்தும்: எவ்வளவு தூரம் போக வேண்டும், உள்ளே எந்த மொழியில் பேசுகிறார்கள், என்ன தருவதாகச் சொன்னார்கள், கேட்டுப்போன பொருள் கிடைத்ததா.

முதலில் தருவதாகச் சொன்னதைப் பார்க்க வேண்டும். இந்த அலுவலகத்தை உருவாக்கிய 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தைப் படிக்கும் எவரும், தாளில் அது வலுவான சட்டம் என்பதை ஒப்புக்கொள்வர். அலுவலகம் எவரையும் அழைத்து விசாரிக்கலாம்; தடுப்புக்காவல் இடம் என்று ஐயப்படும் எந்த இடத்துக்குள்ளும் பிடியாணையின்றி நுழையலாம்; புதைகுழி அகழப்படும்போது நீதிவான் நீதிமன்றத்தின் அனுமதியுடன் பார்வையாளராக நிற்கலாம்; சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றம் ஏற்காத தகவலைக்கூட ஏற்றுக்கொள்ளலாம். இந்தக் கடைசி ஏற்பாடு பெரியம்மா போன்றவர்களுக்குப் பெரிய விடயம். கையில் சான்று இல்லாத தாயின் வாய்ச்சொல்லும் தகவலே என்று சட்டம் ஏற்கிறது. முன்னைய ஆணைக்குழுக்கள் திரட்டியவற்றையெல்லாம் ஒரே தரவுத்தளத்தில் ஒன்றுசேர்க்கும் பொறுப்பும் அதற்கு உண்டு. அப்படியானால் அந்தப் பையிலுள்ள ஐந்து இலக்கங்களையும் ஒன்றாக்கும் கடமை பெரியம்மாவுடையது அன்று, அலுவலகத்துடையது. என் மதிப்பீடு முழுவதும் இந்த ஓர் இடத்தையே சுற்றி வருகிறது: தேடும் பாரம் தாயின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறியதா, இல்லையா.

சேவை தொடங்கிய விதத்தில் நம்பிக்கை தரும் செய்தி குறைவு. பாராளுமன்றம் 2016 ஆகஸ்ட் 11 அன்று சட்டத்தை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 2017 செப்டம்பர் 15 அன்று. தலைவரும் உறுப்பினர்களுமாக எழுவர் நியமிக்கப்பட்டது 2018 பெப்ரவரி மாத இறுதியில். ஒன்றரை ஆண்டு ஓர் அலுவலகத்தின் வரலாற்றில் சிறிய காலமாக இருக்கலாம், ஆனால் அந்த ஒன்றரை ஆண்டுக்குள்தான் 2017 ஜனவரியில் வவுனியாவில் உறவினர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்பாகத் தாய்மார் பந்தலிட்டு உட்கார்ந்தார்கள். முல்லைத்தீவிலும் மருதங்கேணியிலும் திருகோணமலையிலும் அது தொடர்ந்தது. கிளிநொச்சிப் போராட்டம் 3,000 நாள்களைக் கடந்துவிட்டது. பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்த தாய் தந்தையரில் பலர் இன்று உயிருடன் இல்லை. மக்களின் கருத்தறிய அரசே அமைத்த கலந்தாலோசனைச் செயலணி தன் பணியை முடிக்கும் முன்னரே இந்தச் சட்டம் நிறைவேற்றப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாருக்காக அந்தச் சட்டமோ, அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்க ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

இது வடக்கு கிழக்குத் தமிழருக்கு மட்டுமான அலுவலகம் அன்று என்பதை நம்மவர்களில் பலர் கவனிப்பதில்லை. 1987 முதல் 1989 வரையான கிளர்ச்சிக் காலத்தில் தெற்கில் பிள்ளைகளை இழந்த சிங்களத் தாய்மாருக்கும், போரில் காணாமற்போன படையினரின் மனைவிமாருக்கும் அதே படிவமே, அதே கதவே. 1980களின் பிற்பகுதியிலிருந்து இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் 60,000 முதல் 100,000 வரை இருக்கலாம் என்று அம்னெஸ்டி இன்டர்நேஷனல் மதிப்பிட்டது. படையினரில் காணாமற்போனோரும் 5,000 பேருக்கு மேல். 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி ஊர்வலம் போனது. சில ஆண்டுகள் கழித்துத் தெற்கில் அதே பெயரில் சிங்களத் தாய்மார் திரண்டார்கள். முதலாவது பிராந்திய அலுவலகம் மாத்தறையில் திறக்கப்பட்டபோது எங்கள் பக்கத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது சரியான செயலாகவே பட்டது, இன்றும் அப்படியே படுகிறது.

மாத்தறைக்குப் பிறகு மன்னார், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கிளிநொச்சி என்று அலுவலகங்கள் வந்தன. போரின் இறுதி நாள்களில் இலட்சக்கணக்கான மக்கள் நெருக்குண்டு கிடந்த முல்லைத்தீவு மாவட்டத்துக்கு அந்த வரிசையில் இடம் கிடைக்கவில்லை. புதுக்குடியிருப்பிலிருந்து காலைப் பேருந்தில் ஏறிப் பரந்தன் சந்தியில் இறங்கி, வேறு பேருந்து பிடித்துக் கிளிநொச்சிக்குப் போய் வருவதற்கு ஒரு நாள் போய்விடும். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு நாள் என்பது அன்றைய சோறு. ஆணையாளர்கள் பிரதேச செயலகங்களுக்கே வந்து விசாரணை நடத்திய காலங்களில் இந்தச் சிரமம் குறைந்தது; அப்படி வருவதை எப்போதாவது என்றில்லாமல் ஒவ்வொரு மாதமும் திகதி குறித்துச் செய்தால் இந்தச் சேவையின் பாதிக் குறை தீரும்.

படிவத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முழுப்பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், முன்னர் எங்கெங்கு முறையிட்டீர்கள் என்ற வரிசையில் போகும் கேள்விகளுக்குப் பெரியம்மா கடகடவென்று பதில் சொன்னார். எத்தனையோ முறை சொன்ன பதில்கள் அவை. கடைசியாக அணிந்திருந்த உடை எது, உடம்பில் அடையாளம் ஏதும் உண்டா என்ற இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். “நீலக் கோடு போட்ட சாரம், பிள்ளை. சேட் இல்லை, அதைக் கிழிச்சு மச்சாளின்ர காலுக்குக் கட்டினவன்” என்றார். பிறகு, தன் வலது முழங்காலைத் தொட்டுக் காட்டி, “இதில ஒரு தழும்பு. சைக்கிளில விழுந்தது” என்றார். விரல் முழங்காலிலேயே நெடுநேரம் இருந்தது. நல்ல படிவம் இதையெல்லாம் கேட்கத்தான் வேண்டும். எலும்பு கிடைத்தாலும் துணித்துண்டு கிடைத்தாலும் ஒப்பிட உதவப்போவது இந்தப் பதில்தான். ஆனால் இந்தப் பதிலை ஒரு தாய் எத்தனை முறை சொல்ல வேண்டும்? பரணகம ஆணைக்குழுவின் முன் சொன்னார், அதற்கு முன்பும் சொன்னார். ஒருமுறை சொன்னதைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த முறை “நீங்கள் முன்பு இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள், இதில் சேர்க்க ஏதும் உண்டா” என்று கேட்பதற்குப் பெயர்தான் சேவை. தரவுத்தளம் என்று சட்டம் சொல்வதன் பொருளும் அதுவே.

இனி, உண்மையிலேயே பயன் தந்த ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். அதற்குரிய பாராட்டைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. 2010ஆம் ஆண்டின் தற்காலிகச் சட்டத்தின் கீழ், போரில் காணாமற்போன ஒருவரின் குடும்பம் காரியம் பார்க்க வேண்டுமானால் அவர் இறந்துவிட்டதாகப் பதிவு செய்வது ஒன்றே வழியாக இருந்தது. காணி உறுதி கணவன் பெயரில் இருக்கும், வங்கிப் புத்தகம் அவர் பெயரில் இருக்கும், பிள்ளைகளின் பாதுகாவலர் யார் என்ற கேள்வி பாடசாலையில் வரும், உதவிப்பண விண்ணப்பத்தில் வரும். இதற்காக ஒரு பெண் தன் கையாலேயே தன் கணவனின் மரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வேறொரு வழியைத் திறந்தது: ஆள் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழ். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் அறிக்கையையோ, முன்னைய ஆணைக்குழுவொன்றின் முடிவையோ வைத்துக்கொண்டு பதிவாளர் திணைக்களத்தில் விண்ணப்பித்தால் அது கிடைக்கும். அதைக் கொண்டு சொத்தைத் தற்காலிகமாக நிர்வகிக்கலாம், பிள்ளைகளின் பாதுகாவலராக விண்ணப்பிக்கலாம், சமூக நலக் கொடுப்பனவு கேட்கலாம். கணவன் இறந்தார் என்று எங்கும் எழுத வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், கணவனின் மரணத்தை எழுதிக் கொடுக்க மனமின்றி, 2009 முதல் எல்லா உதவிப்பணத்தையும் வேண்டாமென்று விட்டு வந்தவர். அவர் ஒவ்வொரு நாளும் நெற்றியில் குங்குமப் பொட்டு வைக்கிறார், தாலிக்கொடியை அடைவு வைத்தாரே தவிரக் கழற்றி எறியவில்லை. மரணச் சான்றிதழில் கையொப்பம் இடும் நாளில் அந்தப் பொட்டுக்கு என்ன பொருள் என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. ஓர் அரச அலுவலகத்துக்கு, பெயர் வேண்டாம், அவருடன் போயிருந்தபோது கருமபீடத்தில் இருந்தவர் படிவத்தைத் திருப்பித் தள்ளி, “செத்ததெண்டு எழுதுங்கோ அக்கா, அலுவல் கெதியா முடியும்” என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். உதவுவதாக நினைத்தே சொன்னார். அக்கா ஒன்றும் பேசாமல் படிவத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பேருந்து நிலையத்தில் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தேன், அதுவும் ஆறிப்போனது. சில காலத்துக்குப் பின் காணப்படவில்லை என்ற சான்றிதழை அவர் பெற்றார். அந்தத் தாளை வாங்கிய அன்று அவர் முகத்தில் இருந்த நிம்மதியைக் கண்டவள் என்ற முறையில், இந்தச் சேவை முழுவதும் பயனற்றது என்று சொல்பவர்களுடன் என்னால் உடன்பட முடியாது. இப்படி ஒரு சான்றிதழ் இருக்கிறது என்ற செய்தி எல்லாக் கருமபீடங்களுக்கும் போய்ச் சேரவில்லை என்பதும், அது வழங்கிய திகதியிலிருந்து 2 ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும், பிறகு புதுப்பிக்க வேண்டும் என்பதும் அதன் குறைகள். காத்திருப்பதற்கும் தவணை வைத்தது யாருடைய யோசனையோ தெரியாது. மாற்றப்பட வேண்டிய விதி அது.

ஆனால் சான்றிதழ் வாங்குவதற்காக இந்த அலுவலகத்தை எந்தத் தாயும் கேட்கவில்லை. தேடித் தரச் சொல்லித்தான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கான பதில் மிகவும் துயரமானது. அலுவலகத்தின் கோவைகளில் பல்லாயிரம் முறைப்பாடுகள் சேர்ந்திருக்க, என்ன ஆனார் என்று கண்டறிந்து குடும்பத்துக்குச் சொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை ஒரு வகுப்பறைக்குள் அடங்கும். இறுதி நாள்களில் உறவினரின் கண்முன்னே வரிசையில் சென்று பதியப்பட்டவர்கள், பேருந்துகளில் ஏற்றப்பட்டவர்கள் பற்றிய பதிவேடுகள் எங்கே என்பதே தாய்மாரின் முதற் கேள்வி. அந்தப் பதிவேடுகள் வைத்திருக்கக்கூடியது அரசு மட்டுமே. ஆட்கள் தடுத்து வைக்கப்பட்டதாக ஐயப்படும் வளாகத்துக்குள் பிடியாணையின்றி நுழையும் அதிகாரத்தையும், ஒத்துழைக்க மறுப்போரை மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் நிறுத்தும் வாய்ப்பையும் சட்டம் தந்திருக்கிறது. ஓர் ஆணையாளர் ஒரு முகாமின் வாசலில் நின்று பதிவேட்டைக் கேட்டார் என்ற ஒரு செய்தி, பந்தலில் இருந்த பெண்களுக்கு எந்தப் பணத்தைவிடவும் பெரிதாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக, தகவல் கேட்கும் கடிதங்கள் தாய்மாருக்கே வந்துகொண்டிருந்தன. கோவைகளின் எண்ணிக்கையைக் குறைத்து மூடுவதில் அலுவலகம் காட்டிய அவசரம் குறித்து ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளரின் அறிக்கைகளும் கவலை தெரிவித்திருக்கின்றன.

நிலம் சில பதில்களைத் தானாகவே தரத் தொடங்கியிருக்கிறது. 2023 ஜூன் மாதம் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் புதைக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. 2024 நடுப்பகுதியில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எலும்புகள் எடுக்கப்பட்டிருந்தன. 2025 பெப்ரவரியில் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில், அதாவது செம்மணியில், கட்டட வேலைக்காகத் தோண்டிய இடத்தில் மீண்டும் எலும்புகள். செம்மணி என்ற பெயர் யாழ்ப்பாணத்தில் எவருக்கும் புதிதன்று. 1996இல் பாடசாலை மாணவி கிருசாந்தி குமாரசுவாமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்ற படைவீரர் ஒருவர், இன்னும் நூற்றுக்கணக்கானோர் அங்கே புதைக்கப்பட்டதாக 1998இல் நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் 15 உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அதன் பிறகு கால் நூற்றாண்டு அமைதி. 2025ஆம் ஆண்டு முடிவதற்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அங்கே அடையாளம் காணப்பட்டன, குழந்தைகளினதும் சேர்த்து.

2025 ஆகஸ்ட் 5 அன்று, நீதிமன்ற உத்தரவின்படி, செம்மணியில் எடுக்கப்பட்ட பொருள்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. நீல நிறப் பாடசாலைப் பை, குழந்தையின் பால் போத்தல், பொம்மை, செருப்புகள், உடைத் துண்டுகள். வெயிலில் வரிசையில் நின்று வந்த பெண்கள் ஒவ்வொரு பொருளின் முன்பும் குனிந்து பார்த்தார்கள். பெரியம்மாவும் போக வேண்டும் என்றார். செம்மணியின் காலமும் வட்டுவாகலின் காலமும் வேறு என்று சொன்னேன். “தெரியும் பிள்ளை. எண்டாலும் பாத்தால் என்ன?” என்றார். போனோம். சாரம் எதுவும் இருக்கிறதா என்று அவர் தேடியதைக் கண்டேன். அந்த நாளில் அரசின் சேவை என்று சொல்லத்தக்க ஒன்று அங்கே நடந்தது என்றே கருதுகிறேன்: நீதிவான் உத்தரவிட்டார், திறந்த வெளியில் காட்டினார்கள், எவரும் வந்து பார்க்க முடிந்தது. இதற்கு அடுத்த படி மரபணு. எலும்பு ஒருபுறம், தாய்மார் மறுபுறம் இருக்க, இரண்டையும் இணைக்கும் மரபணு வங்கி முழுமையாக அமையாதவரை, அகழ்ந்தெடுத்தவை இலக்கமிட்ட பெட்டிகளாகவே இருக்கும். தாய்மார் வயதாகி இறந்துகொண்டிருக்கிறார்கள். பிள்ளையின் எலும்பை நாளைக்குத் தோண்டி எடுக்கலாம். தாயின் மாதிரியை நாளைக்கு எடுக்க முடியாமற்போகலாம். இந்த ஒரு வேலையை உடனே செய்யாதிருப்பதற்கு எந்தக் காரணத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த அலுவலகத்தின் மீது சொல்லப்படும் முதன்மையான குறை, அதன் கண்டறிதல்கள் குற்றவியல் பொறுப்புக்கோ குடியியல் பொறுப்புக்கோ வழிவகுக்க மாட்டா என்ற 13ஆம் பிரிவின் வாசகம். குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் சட்டத்தை அமுலாக்கும் நிறுவனங்களுக்கு அறிவிக்கலாம் என்றுதான் இருக்கிறது, அறிவிக்க வேண்டும் என்று இல்லை. நீதியை வேண்டும் குடும்பங்கள் இதை எதிர்ப்பது நியாயமே, நானும் அவர்கள் பக்கமே. ஆயினும் தேடல் தோற்றதற்கு இந்த வாசகத்தைக் காரணமாகக் காட்ட முடியாது. சைப்பிரசில் காணாமற்போனோர் குழு 1981இல் அமைக்கப்பட்டது. 1,510 கிரேக்க சைப்பிரியரும் 492 துருக்கிய சைப்பிரியருமாக 2,002 பேரைத் தேடுவது அதன் பணி. அதற்கும் எவரையும் குற்றவாளி என்று சொல்லும் அதிகாரம் இல்லை. பல ஆண்டுகள் அதுவும் ஒன்றும் செய்யாமல் கிடந்தது. அகழ்வும் மரபணுச் சோதனையும் இருதரப்பு அறிவியலாளர்களின் கூட்டு ஆய்வகமும் ஒழுங்காக நடக்கத் தொடங்கியபின், 1,000க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் அடையாளம் காணப்பட்டுக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆர்ஜென்டினாவில், இராணுவ ஆட்சிக் காலத்தில் பறிக்கப்பட்ட பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார் கேட்டுப் போராடியதால் 1987இல் தேசிய மரபணுத் தரவு வங்கி சட்டப்படி உருவானது. 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகளின் உண்மையான அடையாளம் தெரியவந்தது. அங்கே வெள்ளைத் துணியைத் தலையில் கட்டி நின்றவர்களும் பெண்களே. அவர்கள் கேட்டதை அறிவியலாக மாற்ற ஓர் அரசு முன்வந்தது என்பதே வேறுபாடு.

நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 ஜனவரியில், காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், விசாரணைக்குப் பின் மரணச் சான்றிதழ் வழங்கப்படும் என்று அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஐ.நா. பிரதிநிதியிடம் கூறினார். அவர் இறந்துவிட்டார்கள் என்று சொன்னால், எப்படி இறந்தார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா என்று பந்தலில் கேட்டார்கள். அதன் பிறகு, போரின் இறுதிக் காலத்தில் நாட்டின் பொலிஸ்மா அதிபராக இருந்தவர் அலுவலகத்தின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். எந்த முறைப்பாட்டுக்காரி எந்த முகத்தைக் கண்டு பேசப்போகிறாள் என்பதை நியமிப்பவர்கள் ஒரு கணமேனும் நினைத்திருந்தால் அந்த நியமனம் நடந்திராது. உறவினர்களின் அமைப்புகள் பல இந்த அலுவலகத்தை முற்றாகவே நிராகரிக்கின்றன. படிவம் நிரப்பிக் கொடுக்கும் என்னையும் சிலர் கடிந்துகொள்கிறார்கள். அவர்களின் கோபத்துக்கு முன்னால் என்னிடம் வாதம் எதுவும் இல்லை.

பணத்தைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. 2018இல் அலுவலகம் தன் இடைக்கால அறிக்கையில் மாதம் 6,000 ரூபா நிவாரணம் பரிந்துரைத்தது, 2019 வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு நிதியும் ஒதுக்கப்பட்டது. 2022இல் ஒருமுறை கொடுப்பனவாக 2 இலட்சம் ரூபா என்று அமைச்சரவை முடிவு செய்தது. மாதாந்தத் தொகை ஒரு குடும்பத்தின் அரிசிக்கு உதவும். ஒருமுறை தொகையோ கணக்கை முடிக்கும் தொகையாகவே பெண்களின் காதில் விழுந்தது. வாங்கியவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். அந்த நெருக்கடி ஆண்டில் கோதுமை மா என்ன விலை விற்றது என்பது எங்களுக்குத் தெரியும்.

பெண்களின் பாதுகாப்பு என்ற சொல்லை இன்னும் கூர்மையாகப் பயன்படுத்த வேண்டிய இடம் ஒன்று உண்டு. தேடிப் போகும் பெண் பெரும்பாலும் வீட்டில் ஆண்துணை இல்லாதவள். அலுவலகத்துக்குப் போய்வந்த மாலையில் வீட்டு வாசலில் எவராவது வந்து எங்கே போனாய், யாரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டால், அடுத்த முறை அவள் போக மாட்டாள். உறவினர்கள் மீதான கண்காணிப்பும் அச்சுறுத்தலும் ஐ.நா. அறிக்கைகளில் ஆண்டுதோறும் பதிவாகின்றன. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் பிரிவொன்று அலுவலகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெண்கள், சமாதானம், பாதுகாப்பு பற்றிய ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325ஆம் இலக்கத் தீர்மானம் வந்தது 2000ஆம் ஆண்டில். அதைச் செயற்படுத்துவதற்கான இலங்கையின் முதலாவது தேசியச் செயற்றிட்டம் 2023இல்தான் வந்தது. அந்தத் திட்டம் கொழும்பு மண்டபங்களை விட்டுப் புதுக்குடியிருப்பு ஒழுங்கைக்கு வந்திருக்கிறதா என்று அறிய எனக்கு ஒரே அளவுகோல் போதும்: மாலையில் வாசலுக்கு வந்து கேள்வி கேட்பவர்கள் நின்றுவிட்டார்களா?

இவ்வளவுக்கும் பிறகு, போவதா வேண்டாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சான்றிதழ் தேவையென்றால் போங்கள். காணி, வங்கி, பிள்ளைகளின் காரியம் எதுவானாலும் அது உதவும். தேடித் தருவார்கள் என்ற எதிர்பார்ப்புடன் போகிறீர்கள் என்றால் செஞ்சிலுவைக் குழுவின் பதிவையும் கைவிட வேண்டாம், நீதிமன்ற வழக்கு இருந்தால் அதையும் கைவிட வேண்டாம். மூலப் பத்திரங்களை எவரிடமும் கொடுக்காதீர்கள். நான்கு பிரதி எடுத்து, மூலத்தைக் காட்டிவிட்டுப் பிரதியைக் கொடுங்கள். உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபின் கையொப்பம் இடுங்கள். கோவையை மூடுவதாக எழுதியிருந்தால் கையொப்பம் இடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து படிக்கக் கேளுங்கள். உடுப்பு, தழும்பு, பல், முறிந்த எலும்பு ஆகிய விவரங்களை ஒரு கொப்பியில் இப்போதே எழுதி, பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

பெரியம்மாவின் கொப்பியை அவருடைய பேத்தி எழுதுகிறாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள், மாமாவைக் கண்டதில்லை. போன ஞாயிறு வந்திருந்தபோது வலது முழங்காலா இடது முழங்காலா என்று கேட்டாள். பெரியம்மா சேலையைச் சற்று உயர்த்தி இடத்தைக் காட்டினார். அவள் அடிமட்டத்தை வைத்து அளந்து எழுதினாள்.